ரெண்டாம் நம்பர் பிஸ்டன்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் கேட்கட்டும், அந்தக் கண்டக்டரும் கேட்கட்டும். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், இதோ என் முழங்காலுக்கு முன்னால் கொதித்துக்கொண்டிருக்கிறதே இந்த பஸ் எஞ்சின், இது இந்த நிமிஷமே நடுரோட்டில் நின்றுபோகட்டும். நின்றதா? நிற்கவில்லை. அப்புறம் என்ன, நம்புங்கள்.

கத்துகிறேன் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், தம்பி. எஞ்சினோடு பிழைத்தவனுக்கு மெதுவாகப் பேச வராது. நாற்றம் என்னுடைய பையிலிருந்துதான். மீன். சீலா மீன், நல்ல பெரியது. மரியாதைக்குக் கொடுத்தார்கள். தூர எறியவும் மனசில்லை, தின்னலாம் என்றால் தொண்டையில் இறங்காது. அது ஏன் என்றுதான் சொல்லவருகிறேன். அருப்புக்கோட்டையில் நான் இறங்கிவிடுவேன், அதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும்.

என் பேர் மாசானம். சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காட்டு ஓரம். மண் சிவந்து காய்ந்து கிடக்கிற ஊர். கிணற்று எஞ்சின், டிராக்டர், லாரி என்று டீசல் குடிக்கிற எதுவும் என் கையில் ஒருமுறை படுத்து எழுந்திருக்கும். ஆனால் கடல் மட்டும் எனக்கு ஆகாது. பயம் என்று சொல்லாதீர்கள். பயம் வேறு, ஆகாது என்பது வேறு. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது இல்லையா, அதுபோல.

தூத்துக்குடியில் வருஷா வருஷம் மீன்பிடிக்கத் தடைக்காலம் வரும். போட்டுகள், அதுதான் விசைப்படகுகள், எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். எஞ்சினைப் பிரித்து மேய அதுதான் சமயம். எங்களுக்கு அறுவடை. நான் பாட்டுக்குக் கரையில் உட்கார்ந்து வேலை செய்வேன், கரையிலேயே சோறு தின்பேன், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போட்டு எஞ்சின்களைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவேன். இந்த வருஷம்தான் இஞ்ஞாசியம்மாளிடம் போய் மாட்டினேன்.

இஞ்ஞாசியம்மாள் ஒரு விசைப்படகின் முதலாளி. புருஷன் கடலோடு போனவன். நடுக்கடலில் எஞ்சின் நின்று, காற்று இழுத்துக்கொண்டு போய், போட்டும் வரவில்லை ஆளும் வரவில்லை. அதற்கப்புறம் அந்த அம்மாள் தன் போட்டுக்கென்று சில சட்டம் போட்டுக்கொண்டாள். அந்தத் துறைமுகத்தில் வேறு எவருக்கும் அப்படிக் கிடையாது. எஞ்சினைப் பிரித்து மாட்டும்போது, அந்தப் போட்டில் போகிற ஒவ்வொருத்தனும் வந்து ஒரு பின்னைத் தன் கையால் தள்ள வேண்டும். இது ஒரு சட்டம். இன்னொரு சட்டம் இருந்தது. அதை என்னிடம் சொல்லவில்லை. அது அப்புறம் வருகிறது.

பின்னு என்றதும் குண்டூசி என்று நினைத்துவிடாதீர்கள். பிஸ்டன் தெரியுமல்லவா? கவிழ்த்து வைத்த டம்ளர் மாதிரி இருக்கும், சிலிண்டருக்குள் மேலும் கீழும் குதிக்கும். அதற்குக் கால் மாதிரி ஒரு ராடு. டம்ளரையும் காலையும் கோத்துப் பிடிக்கிற உருக்கு உருளைதான் பின்னு. கட்டைவிரலைவிடத் தடிமன். அது பக்கவாட்டில் நழுவி வெளியே வராமல் இருக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பி வளையம் போடுவோம். லாக்கு. வாய் திறந்த மோதிரம் மாதிரி இருக்கும். கீழே கிடந்தால் குனிந்து எடுக்கமாட்டீர்கள். ஆனால் அது விட்டுப்போனால் பின்னு நழுவும். நழுவினால் சிலிண்டர் சுவரை ஏர் பூட்டின மாதிரி உழும். அப்புறம் பிஸ்டன் நொறுங்கும். அந்த ராடு இருக்கிறதே, அது எஞ்சின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே பாயும். பாயும்போது எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காது, தம்பி.

இந்த வண்டியில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறதே, உங்களுக்குக் கேட்கிறதா? இல்லையா? சரி. எனக்கு நேற்றிலிருந்து எல்லாவற்றிலும் கேட்கிறது.

பழைய பின்னுகளை வெளியே எடுப்பதே ஒரு வித்தை. முதலில் குறட்டால் லாக்கை நெருக்கிக் கழற்ற வேண்டும். கழற்றிய லாக்குகளை நான் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு வைத்தேன். பிறகு பிஸ்டனைக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். சூட்டில் அலுமினியம் விரிந்து கொடுக்கும், உருக்கு அவ்வளவு விரியாது, கட்டைவிரலால் தள்ளினால் பின்னு சொன்ன பேச்சைக் கேட்டு வெளியே வரும். அவசரக்குடுக்கைகள் குளிர்ந்த பிஸ்டனில் சுத்தியலால் அடிப்பார்கள், ராடு கோணிப்போகும். நான் அடிக்கிற ஆள் இல்லை. நாளைக்கு என் மேல் யார் என்ன பிராது கொடுத்தாலும் கொடுக்கட்டும், மாசானம் அடித்தான் என்று மட்டும் ஒருவன் சொல்ல முடியாது.

கொதிக்க வைக்க நண்டு அவிக்கிற அண்டாவை இஞ்ஞாசியம்மாள் கொடுத்தனுப்பினாள். பிஸ்டன் எல்லாம் நண்டு மணம். போகட்டும்.

புதுப் பிஸ்டன், புதுப் பின்னு, புது லாக்கு எல்லாம் வந்தன. மாட்டுகிற அன்றைக்கு ஆட்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒன்றாம் நம்பர், போட்டு டிரைவர் கித்தேரியான். சிடுமூஞ்சி, ஆனால் கடல் தெரிந்தவன். ரெண்டாம் நம்பர் தொம்மை. ஈர வலையை ஒற்றை ஆளாக இழுக்கிறவன், குரல் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அடுத்து இன்னும் மூன்று பேர், அவர்கள் பேர் இந்தக் கதைக்கு வேண்டாம். ஆறாம் நம்பர் முதலாளியம்மாளுக்கு. அவள் கடலுக்குப் போவதில்லை, ஆனால் பின்னு தள்ள வந்துவிடுவாள்.

கித்தேரியான் தள்ளினான், போனது. தொம்மை முறை வந்தது. பிஸ்டனை அண்டாவிலிருந்து எடுத்துத் துணியில் பிடித்துக் கொடுக்கிறேன்.

"சுடுமா மேஸ்திரி?"

"சூடு இருக்கையிலதான் போவும். ஆறிட்டா ஒங்க அப்பன் வந்து தள்ளுனாலும் போவாது."

"எங்க அப்பன் செத்துட்டாருவே."

"அப்போ நீயே தள்ளு."

கட்டைவிரலை எண்ணெயில் முக்கினான், பின்னின் தலையில் வைத்தான். ஒரு மூச்சில் போய் உட்கார்ந்தது. "யாத்தே, வெண்ணெயா போவுதுவே!" என்று சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்புதான் என்னை நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல்... சரி, அதை அப்புறம் சொல்கிறேன்.

பின்னு போனதும் லாக்கு போட வேண்டும். ஒரு பக்க லாக்கை முன்னாலேயே போட்டாயிற்று, மறுபக்கம்தான் பாக்கி. குறட்டில் லாக்கை நெருக்கிப் பிடித்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து அவர்களில் ஒருவன், "மேஸ்திரி, அந்தத் தேரிக்காட்டுப் பின்னு கதையச் சொல்லும்வே" என்றான். அவன்மேல்தான் தப்பு. குறடு கையில் இருக்கிறவனிடம் கதை கேட்கலாமா?

அது என்ன கதையென்றால், எங்கள் ஊரில் ஒரு கிணற்று எஞ்சினில் பின்னு இறுகிப்போயிற்று. கொதிக்க வைக்கத் தண்ணீர் இல்லை. கிணறே வறண்டுதானே எஞ்சின் படுத்தது. கத்திரி வெயில். நான் பிஸ்டனைப் பாறைமேல் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய்ப் படுத்தேன். உச்சி வேளையில் ஒரு சத்தம். எழுந்து பார்த்தால், பின்னு தானாகவே பிஸ்டனை விட்டு வெளியே வந்து, பாறையில் உருண்டு, நான் படுத்திருந்த நிழலுக்கு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டது. வெயில் தாங்கவில்லை அதற்கு.

சிரிக்கிறீர்கள். அதில் கொஞ்சம் கூட்டியிருப்பேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்குச் சொல்வதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. இதை மட்டும் நீங்கள் நம்பியாக வேண்டும், தம்பி. இதை நம்பாமல் போனால் ரொம்ப மோசமாகிவிடும்.

பின்னு உருண்டு வந்ததை எப்படிக் கைகாட்டாமல் சொல்ல முடியும்? இடது கையால் உருட்டிக் காட்டினேன். வலது கையில் குறடு. டிங் என்று ஒரு சத்தம். லாக்கு தெறித்துப் போட்டுக்கும் கரைச்சுவருக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஒருத்தனும் பார்க்கவில்லை. எல்லாரும் என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நன்றாகச் சொன்னேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். வேறு லாக்கு வேண்டுமென்றால் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். கதை நடுவில் நிற்கிறது. பின்னு இன்னும் நிழலுக்கு வந்து சேரவில்லை. கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிற வழக்கம் எனக்குக் கிடையாது. மண்ணெண்ணெய்த் தட்டில் கையை விட்டேன், பழைய லாக்கு ஒன்று அகப்பட்டது. துடைத்துப் போட்டேன். பழசுதான், ஆனால் நல்ல பழசு. கழற்றின லாக்கை மறுபடி போடக்கூடாது என்பார்கள், விறைப்பு போயிருக்கும், பள்ளத்தில் பிடித்து நிற்காது என்பார்கள். எல்லாம் கடைக்காரன் கிளப்பிவிட்டது.

தொம்மை மட்டும் குனிந்து பார்த்தான். "என்ன மேஸ்திரி, அந்தப் பக்கத்து லாக்கு பளபளன்னு இருக்கு, இது கருத்துப்போயிருக்கு?"

"இது அசல் உருக்குவே. அசல் பளபளக்காது."

"அப்போ எனக்கு அசலா?" என்றான். அவனுக்குச் சந்தோஷம். மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினான்.

எல்லாம் முடிந்தது. எஞ்சினை மூடினேன். ஓட்டிப் பார்த்தோம், கறவை மாடு அசைபோடுகிற மாதிரி ஓடிற்று. நான் கையைக் கழுவிக்கொண்டு, ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்புகிறேன். இஞ்ஞாசியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கவே போறீரு? தடை முடிஞ்சு மொத நாளு போட்டு போவும்லா. நீரும் போவணும்."

"நானா? எதுக்கு?"

"எஞ்சின எவன் மூடுனானோ அவன் அதுகூட மொத வாட்டி கடலுக்குப் போயிட்டு வரணும். இது எம்போட்டுச் சட்டம். எம்புருசன் போன போட்டுல எஞ்சின் பாத்தவன் கரையில உக்காந்து சுண்டல் தின்னுக்கிட்டு இருந்தான்வே."

தம்பி, இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் கடைத்தெருவுக்கு நடந்தே போய்ப் புது லாக்கு வாங்கிப் போட்டிருப்பேனே! வேலை முடிந்தபிறகு சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான்? இதில் என்னுடைய தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

வயிற்று வலி என்றேன். கஷாயம் வைத்துக் கொடுத்தாள். தலைசுற்றல் என்றேன். எலுமிச்சம்பழம் கொடுத்தாள். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். "நடுக்கடல்ல தெரிஞ்சும் பிரயோசனமில்ல" என்று கித்தேரியான் சொன்னான். ஆறுதலாகச் சொன்னானாம்.

நேற்று விடியக் கருக்கலில் கிளம்பினோம். கரை வெளிச்சமெல்லாம் பின்னால் போய், தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போயிற்று. சுற்றிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாத ஒரு இடத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எஞ்சின் பெட்டிப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் இல்லை. எஞ்சினைக் கவனிக்க.

வெயில் ஏறி, வலையை இறக்கி இழுக்க ஆரம்பித்தார்கள். எஞ்சினுக்குப் பாரம் கூடிற்று. அப்போது கேட்டேன். டக். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் டக். என் பிட்டத்துக்குக் கீழே, பலகை வழியாக, நேராக என் எலும்புக்குள் வந்தது. இந்தக் காது நாற்பது அடிக்கு அப்பால் வால்வு தளர்ந்திருப்பதைச் சொல்லுகிற காது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கருத்த லாக்கு பள்ளத்தை விட்டு வந்துவிட்டது. பின்னு நகர ஆரம்பித்துவிட்டது.

என்ன செய்தேன் தெரியுமா? பாடினேன். தொண்டை கிழிய ஒரு ஒப்பாரி. அதுதான் வாய்க்கு வந்தது.

"எழவு பாட்டை நிறுத்தும்வே!" என்று கித்தேரியான் மேலிருந்து கத்தினான். நிறுத்தினேன். டக், டக், டக்.

"மேஸ்திரி, எஞ்சின் என்னமோ பேசுதே?"

"புதுசு பாருங்க, கூச்சம் தெளியுது."

"கூச்சம் தெளியிறதா? பல்லைக் கடிக்கிற மாதிரிலா இருக்கு."

அகப்பட்ட மீனோடு வலையைத் தூக்கிவிட்டார்கள். எல்லாரும் எஞ்சின் குழியைச் சுற்றி வந்துவிட்டார்கள். நான்தான் மேஸ்திரி, நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். நீளமான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, ஒரு முனையை எஞ்சின்மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்தேன். ஒன்றாம் நம்பர். கித்தேரியான் முகத்தில் ஈயாடவில்லை. "எம்பின்னு எப்படி?" நல்லா இருக்கு என்றேன். உஸ்ஸென்று மூச்சுவிட்டான்.

ரெண்டாம் நம்பரில் கம்பியை வைத்தேன். தம்பி, காதுக்குள் ஒருத்தன் உளி வைத்துச் செதுக்குகிற மாதிரி இருந்தது. சரக், டக், சரக், டக். நிமிர்ந்து பார்க்கிறேன், தலைக்கு மேலே தொம்மை குனிந்து நிற்கிறான். வியர்வை அவன் மூக்கிலிருந்து என் கழுத்தில் சொட்டுகிறது.

"எம்பின்னு?"

சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். கரையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சுற்றிலும் தண்ணீர், அவன் கை என் தொடை அளவு இருக்கிறது, லாக்கு ஏன் கருத்திருக்கிறது என்று கேட்டவனும் அவன்தான். "மணி மாதிரி இருக்கு" என்றேன். "நான்தான் சொன்னேன்லா, அசலு!" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

மூன்று, நான்கு, ஐந்து. எல்லாரும் ஆளாளுக்குக் கேட்டு, ஆளாளுக்கு மூச்சுவிட்டார்கள். ஆனால் சத்தம் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே. ஆறாம் நம்பரில் கம்பியை வைத்து, உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டினேன். "இதுதான். பின்னுக்கு ஒண்ணுமில்ல. டீசல் பீச்சுற நாசில் அடைப்பு. நான் பாத்துக்கிடுதேன், கரைக்குத் திருப்புங்க."

திருப்புவார்கள், நான் மேலே போய்க் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கித்தேரியான் சொன்னான், "எவன் சிலிண்டர் கெட்டுதோ அவன் அது பக்கத்துல உக்காந்து வரணும். ஆறு முதலாளியம்மாவுது. அவ இங்க இல்ல. அவளுக்குப் பதிலா நீரு எறங்கும்."

இந்தச் சட்டத்தையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இறங்கினேன். எஞ்சின் குழி என்பது ஒரு ஆள் குந்துகிற இடம். சூடு, புகை, கீழே எண்ணெய்த் தண்ணீர். ஆறாம் நம்பர் ஒரு கோடியில், ரெண்டாம் நம்பர் மறு கோடிப் பக்கம். எங்கே குந்தினாலும் ராடு பாய்ந்தால் எனக்குத்தான். மூடிப் பக்கத்துக் குழாயிலிருந்து குப் குப்பென்று புகை வர ஆரம்பித்தது. சிலிண்டர் சுவர் கீறிவிட்டது என்று அர்த்தம். எங்கள் குலசாமியைக் கூப்பிட்டேன். அவர் காட்டுச் சாமி, கடலுக்கு வருவாரோ மாட்டாரோ தெரியவில்லை. அதனால் அந்தப் போட்டில் ஒட்டியிருந்த மாதா படத்தையும் கும்பிட்டேன்.

அப்போது தொம்மை மேலிருந்து எட்டிப் பார்த்தான். ஒரு கையில் பாலில்லாத கட்டன் சாயா.

"பயப்படாதீரும் மேஸ்திரி. குடியும். அங்கன கோடியில குந்தாதீரும், அது கெட்ட பக்கம். இங்கன எம்பின்னு பக்கத்துல வந்து இரியும். இது உறுதியா இருக்கும்."

சாயாவை வாங்கினேன். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, ரெண்டாம் நம்பர் பக்கம் நகர்ந்து குந்தினேன். அவன் அங்கேயே குப்புறப் படுத்துக்கொண்டு, எனக்குத் துணையாம், பேசிக்கொண்டே வருகிறான். அவன் பெண்டாட்டிக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கிறது. அவன் படுத்திருக்கிற பலகைக்கு நேர் கீழே ரெண்டாம் நம்பர். நான் போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறான். "ஒத்தையில ஒமக்குப் பயமா இருக்கும்லா" என்கிறான்.

தம்பி, எனக்காக நான் பயந்தது அதுவரைதான் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பவேண்டாம். அது கொஞ்சம் கூட்டல். ஆனால் அவனுக்காகவும் பயந்தேன், அது நிஜம்.

"தொம்மை, முன்னால போயி கரை தெரியுதான்னு பாத்துட்டு வா" என்றேன். அவன் எழுந்த நேரத்தில் ஸ்பேனரைப் போட்டு, ரெண்டாம் நம்பருக்கு டீசல் போகிற குழாயின் நட்டைத் தளர்த்தினேன். டீசல் உள்ளே போகாமல் வெளியே பீச்சியடித்தது. அந்தச் சிலிண்டருக்கு வேலை நின்றது. பிஸ்டன் சும்மா ஏறி இறங்கும், பாரம் கிடையாது. தட்டுகிற சத்தம் அடங்கிற்று. அந்த நட்டின்மேல் கந்தலை வைத்து, அதன்மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டு, கரை வரை அப்படியே குந்தியிருந்தேன். வேட்டி முழுக்க டீசல். தொம்மை திரும்பி வந்து மோந்து பார்த்தான். நாசில் ஒழுகுது என்றேன். தலையை ஆட்டினான். நான் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறவன் அவன்.

ஐந்து சிலிண்டரில் இழுத்து இழுத்து வந்து சேர்ந்தோம். போட்டைக் கட்டுகிற சந்தடியில் நட்டை மறுபடி முறுக்கி, துடைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. கரையில் இறங்கியதும் மண்ணை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். தின்னவில்லை, சும்மா.

அப்புறம்தான் நடந்தது விபரீதம். கித்தேரியான் இஞ்ஞாசியம்மாளிடம் சொல்கிறான், "யக்கா, இந்த மனுசன் இல்லேன்னா நாங்க வந்திருக்க மாட்டோம். குழிக்குள்ள எறங்கி, வயிறு வேவ வேவ உக்காந்து, சத்தத்தையே அடக்கிட்டாருக்கா." அந்தச் சிடுமூஞ்சி என்னைக் கட்டிப்பிடித்தான். இஞ்ஞாசியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு உம்மள மாதிரி ஒருத்தன் போட்டுல இருந்திருந்தா..." என்று இழுத்தாள். ஆறாம் நம்பர் நாசிலை மாற்றினேன், அவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பாரம் இல்லாமல் ஓட்டிக் காட்டினேன், சத்தம் பெரிதாகத் தெரியவில்லை. தொம்மை அவன் பங்கு மீனில் பெரியதைப் பொறுக்கி என் பையில் வைத்தான்.

"நாளைக்கு விடியக் கருக்கல்ல மறுபடி போறோம், நீரும் வாரும், ராசியான ஆளு" என்றாள் இஞ்ஞாசியம்மாள். நாளைக்கு மட்டுமில்லை, தம்பி. இனிமேல் எப்போதும் வர வேண்டுமாம்.

ராத்திரி தூங்கவில்லை. இன்றைக்கு விடிந்ததும் வலை ஒட்டுப்போட வேண்டியிருந்தது, அதனால் பயணம் நாளைக்குத் தள்ளிப்போயிற்று. மாதா புண்ணியம். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஓடிவந்தேன் என்று சொல்லாதீர்கள். ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் தேடி வருவார்கள், அதனால் எதிர்த்திசையில் போகிறேன், அவ்வளவுதான்.

சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? ரெண்டாம் நம்பர் என்று சொன்னால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் நான்தான் மூட வேண்டும். நான் மூடினால் நான்தான் மறுபடி கடலுக்குப் போக வேண்டும். இது புரியவில்லையா உங்களுக்கு? அடி விழும் என்றால் வாங்கிக்கொள்வேன், முதுகு அகலமானது. அந்தத் தண்ணீருக்கு மட்டும் என்னால் போக முடியாது.

ஆனால் அவர்கள் போகிறார்கள், தம்பி. விடிந்தால் போகிறார்கள். நாளைக்கு அந்த நட்டைத் தளர்த்த யாரும் குழிக்குள் இல்லை. தொம்மை அந்தப் பலகைமேல்தான் குப்புறப் படுப்பான். அது உறுதியான பக்கம் என்று நம்புகிறான்.

அதோ, பந்தல்குடி போர்டு. அடுத்தது அருப்புக்கோட்டை. உங்கள் சட்டைப்பையில் போன் இருக்கிறதல்லவா? என்னுடையது இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறேன். தவிர, என் குரல் அவளுக்குத் தெரியும். ஒரு நம்பர் சொல்கிறேன், போடுங்கள். இஞ்ஞாசியம்மாள்தான் எடுப்பாள். ரெண்டாம் நம்பர் பிஸ்டனைப் பிரித்துப் பார்க்காமல் போட்டை அவிழ்க்காதே என்று சொல்லுங்கள். கேலி செய்கிறீர்களா என்பாள். வைக்கவிடாதீர்கள். பின்னில் ஒரு பக்கத்து லாக்கு பழசு, கருத்தது, தேரிக்காட்டுக் கதை நடக்கும்போது போட்டது என்று சொல்லுங்கள். சிலிண்டர் சுவரில் விரலை வைத்துப் பார்த்தால் உழுத கோடு தட்டுப்படும் என்று சொல்லுங்கள். தொம்மை தள்ளினதில் ஒரு குறையும் இல்லை, அவன் சரியாகத்தான் தள்ளினான், அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் யாரென்று கேட்டால் வழியில் போகிற ஒருத்தன், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். இவ்வளவு சொன்னால் போதும். யாருக்கும் சந்தேகம் வராது.

மணி அடிக்கிறதா? எனக்கும் கேட்கிறது, தள்ளிப் பிடியுங்கள். எடுத்துவிட்டாளா? பேசுங்கள், பேசுங்கள். முதலில் ரெண்டாம் நம்பர். ஆமாம், சத்தமாகச் சொல்லுங்கள், துறைமுகத்தில் காற்று அதிகம். லாக்கைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டீர்களா? தொம்மையைக் கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும், நல்லது. பிரிக்கச் சொல்கிறாளா? ஆ, சொல்கிறாள்! கித்தேரியானைத் திட்டுகிறாள், கேட்கிறது எனக்கு.

என்ன, என்ன கேட்கிறாள்? மேஸ்திரி உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்கிறாளா? கண்டக்டர், விசிலடி ஐயா, இங்கேயே இறக்கிவிடு, அருப்புக்கோட்டை வேண்டாம்! இந்த மீனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தம்பி, வழிவிடுங்கள். மேஸ்திரியா, எந்த மேஸ்திரி என்று கேளுங்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யார் சொன்னது என்று மட்டும் ஒருத்தரிடமும் சொல்லிவிடாதீர்கள்.